நானூத்திப் பன்னெண்டு வாக்கியங்கள்

நாப்பத்தேழு நிமிஷம் மீதம்னு போட்டிருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடியும் இதே நாப்பத்தேழுதான். நடுவுல ஒரு தடவை முப்பத்தொம்பதுக்கு இறங்கி வந்துச்சு, அப்பாடான்னு நான் கொஞ்சம் சாஞ்சு உக்காந்தேன், உடனே மறுபடி ஏறிக்கிச்சு. என்ன கணக்கோ இது, எவன் போட்ட கணக்கோ. ரெண்டு போனும் கண்ணாடி மேசை மேல பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கு. பழசு சார்ஜர் ஒயரோட, முதுகு உப்பி, மூடி ஒரு பக்கம் எந்திரிச்சு நிக்குது. புதுசு மக எழிலரசி பெங்களூர்லேருந்து வாங்கி அனுப்புனது, ஒரு கீறல் இல்லாம பளபளன்னு கிடக்கு. ரெண்டுலயும் ஒரு நீலக்கோடு ஊர்ந்துக்கிட்டிருக்கு. ஒயர் கிடையாது, ஒண்ணும் கிடையாது, காத்து வழியாவே போகுமாம். செல்போன் கடைக்காரி ஹாஜிரா பழசைக் கையில வாங்கின உடனே சொல்லிட்டா, "பேட்டரி உப்பிருச்சும்மா, சார்ஜரைப் பிடுங்கினா அடுத்த நொடி ஆஃப் ஆயிரும், மறுபடி வருமான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, இன்னிக்கோ நாளைக்கோன்னு கிடக்கு"ன்னு. சொல்லிட்டுச் சாதாரணமா ஒரு ஆளுக்குக் கண்ணாடி ஒட்டித் தரப் போயிட்டா. அவளுக்கென்ன. அவளுக்கு அது ஒரு போன். அதுக்குள்ள இருக்கிறது என் தொண்டை.

ஏழு மாசம் ஆச்சு குரல்வளையை எடுத்து. புத்துநோய்ன்னாங்க. வெத்தலை கூடப் போட்டதில்ல நான், எனக்கு ஏன் டாக்டர் வந்துச்சுன்னு கேட்டேன், அவரு உதட்டைப் பிதுக்கினாரு. முப்பது வருஷம் ரேஷன் கடையில நின்னு கத்துனதாலயான்னு கேட்டேன், சேச்சே, கத்துனா அதெல்லாம் வராதும்மான்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தையில எனக்கு எம்புட்டு நிம்மதி! ஏன்னா ஊர்ல பாதிப்பேரு அப்படித்தான் பேசிக்கிட்டுத் திரிஞ்சாங்க, இந்திராணி கத்துன கத்துக்குத்தான் தொண்டை போச்சுன்னு. நான் கத்தலைன்னா இவளுகளுக்கு மண்ணெண்ணெய் கெடைச்சிருக்குமா, முன்னாடி நிக்கிற நாலு பேரே வாரிக்கிட்டுப் போயிருப்பாங்க. இப்ப மூச்சு கழுத்துல ஒரு ஓட்டை வழியாப் போகுது, வருது. அதுக்கு மேல மெல்லிசா ஒரு துணி கட்டியிருக்கேன். மூக்கு சும்மா அழகுக்கு. பக்கத்துக் கடையில பஜ்ஜி போடுறான், எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேக்குது, வாசம் வரல. வாய் இருக்கு, நாக்கு இருக்கு, பல்லு பூராவும் இருக்கு, சத்தம் மட்டும் இல்ல. கனவுல பேசுறேன். கனவுல இன்னும் வரிசையை ஒழுங்குபடுத்திக்கிட்டிருக்கேன், முழிச்சதும் வாயைத் திறந்து திறந்து மூடுறேன், அந்த ஒரு நிமிஷம் இருக்கே, அது என் எதிரிக்குக் கூட வரக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜெஸிந்தாதான் சொன்னா, ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பொண்ணு. அப்புறம் என்னென்ன பேச வேண்டியிருக்கும்னு யோசிச்சு, இப்பவே உங்க குரல்லயே போன்ல பதிஞ்சு வெச்சுக்கங்கம்மான்னா. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. நாளைக்கு எவனைத் திட்டணும்னு இன்னிக்கே எனக்கு எப்படிடீ தெரியும்? ஆனா வீட்டுக்கு வந்து உக்காந்தேன். நீள நோட்டு ஒண்ணு எடுத்து, கடையில கார்டுக்கு நம்பர் போடுற மாதிரி, ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு நம்பர் போட்டேன். ஒண்ணாம் நம்பர், "ஏங்க." அவரைக் கூப்பிட. ரெண்டு, "வந்துட்டேன்." மூணு, "வயித்துக்கு எதாவது சாப்பிட்டீங்களா?" நாப்பத்தி மூணு, "தெரியாது தெரியாதுன்னு சொல்லாதீங்க, தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுங்க." நூத்திப் பதினேழு, "வரிசையில வாங்க, எல்லாருக்கும் உண்டு." ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு, இனி எந்த வரிசையை நான் கட்டி மேய்க்கப் போறேன், இருந்தாலும் பதிஞ்சேன், வாயி சும்மா இருந்தாத்தானே. சமையக்கட்டுல ஃபேனை நிறுத்திட்டு, வேர்க்க வேர்க்க நின்னு பதிஞ்சேன். வாசல்ல இவரை நிறுத்தி வெச்சிருந்தேன், கீரைக்காரி வந்தா வாயைத் திறக்கக் கூடாதுன்னு சைகை காட்டச் சொல்லி. அந்தம்மா என்னமோ சாவு வீடுன்னு நெனைச்சுக் கூடையை இறக்காமலே போயிட்டா. கடைசி நாள், நானூத்திப் பன்னெண்டு வரைக்கும் வந்துட்டேன். கொஞ்சம் கரகரத்த குரல்தான், சனியன் அப்பவே உள்ள வந்து உக்காந்திருச்சே. ஆனாலும் என்னுது. என் நாக்குல வந்தது. இப்ப நம்பரைத் தட்டி அமுக்குனா நான் பேசுறேன். இவருக்கு நம்பர் எல்லாம் மனப்பாடம், நாலு விரலையும் அப்புறம் மூணு விரலையும் காட்டுனாப் போதும், "சரி சரி, கேட்டுட்டு வர்றேன்"னு கிளம்பிருவாரு.

இதோ உக்காந்திருக்காரே, பக்கத்து ஸ்டூல்ல, கடலையை ஒவ்வொண்ணா உரிச்சு வாயில போட்டுக்கிட்டு. தவமணி. நகராட்சித் தண்ணி டேங்க்ல ஆபரேட்டரா இருந்த மனுஷன். டேங்க் நெறையுற வரைக்கும் கீழ உக்காந்து அண்ணாந்து பாக்கிறதுதான் வாழ்நாள் பூராவும் வேலை. இவருக்கு நாப்பத்தேழு நிமிஷம் எல்லாம் ஒரு நிமிஷமா. "ஏம்மா இப்படி வெறைச்சுப் போய் உக்காந்திருக்க, அது பாட்டுக்கு ஏறும், நீ பாத்தாலும் ஏறும் பாக்கலைன்னாலும் ஏறும்"ங்கிறாரு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. பதில் சொல்லலாம்னு கை தானா பழைய போனுக்குப் போகுது, தொடக்கூடாதுன்னு ஹாஜிரா சொல்லியிருக்காளே, பாதியில மடக்கிக்கிறேன். இந்த நாப்பத்தேழு நிமிஷமும் நான் சுத்தமா ஊமை. எழுதிக் காட்டலாம், பையில பேனா இருக்கு, ஆனா எழுதிக் காட்டித் திட்டி எவனாவது பயந்திருக்கானா? மூணு மாசத்துக்கு முன்னாடியே சொன்னாரு, எங்கேயோ இன்டர்நெட்டுல ஏத்தி வெச்சுக்கலாமாம், போன் போனாலும் போகாதாம். முன்னூத்தி ஒண்ணை அமுக்கினேன், "என் பொருளை யாரும் தொடக்கூடாது." எவனோட கம்ப்யூட்டர்லயோ என் தொண்டை கிடக்கணுமா? எவனாவது எடுத்து, "வரிசையில வாங்க"ன்னு போட்டுப் போட்டுச் சிரிக்கவா? சரிம்மான்னு விட்டுட்டாரு. எப்பவும் அப்படித்தான் விட்டுருவாரு. அன்னிக்கு மட்டும் விடாம இருந்திருக்கலாம், ரெண்டு அதட்டு அதட்டியிருக்கலாம். பேட்டரி உப்ப ஆரம்பிச்சப்பக் கூட நான்தான், சும்மா வெயிலுக்கு அப்படி இருக்கும்னு, ரப்பர் பேண்டைப் போட்டு இறுக்கி வெச்சேன். புத்தி இருக்கிற எவளாவது செய்வாளா? தொண்டைக்குள்ள கட்டி வந்தப்பவும் அப்படித்தான், சும்மா சளின்னு நாலு மாசம் மிளகைக் கடிச்சேன்.

நாப்பத்தெட்டு சதவீதம்னு இப்பக் கீழ போட்டிருக்கு. பாதி அங்க, பாதி இங்க. அதுதான் எனக்குப் பயம். எந்தப் பாதி போச்சு, எந்தப் பாதி நிக்குது? குடோன்லேருந்து லாரியில மூட்டை வரும், அங்க எடை போட்டப்ப ஒரு எடை, இங்க இறக்குனப்ப ஒரு எடை, நடுவுல எங்கயோ சிந்தும். கொக்கியைப் போட்டு இழுக்கிறப்ப சாக்கு கிழியும், தரையில பொலபொலன்னு கொட்டும், கூட்டி அள்ளுனா பாதி மண்ணு. இடம் மாத்துற எதுவும் முழுசாப் போய்ச் சேந்து நான் பாத்ததில்ல. "பாத்துப் போயிட்டு" அங்க போய்ச் சேந்து, "வா" மட்டும் இங்க நின்னு போச்சுன்னா? எழிலரசி ஊருக்குக் கிளம்புறப்ப எல்லாம் அதைத்தான் அமுக்குறேன், அவ ஆட்டோவுல ஏறி உக்காந்துக்கிட்டு, இன்னொரு தடவைம்மான்னு கேப்பா. ஹாஜிரா கண்ணாடி ஒட்டி முடிச்சிட்டு வந்து எட்டிப் பாத்தா. "ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்மா"ன்னா. அப்புறம் தயங்கித் தயங்கி, "நான் பேகம்பூர்ப் பொண்ணும்மா, சின்னப்பிள்ளையில உங்க கடை வரிசையில நின்னிருக்கேன். ஒரு தடவை நடுவுல புகுந்துட்டேன்னு காதைப் பிடிச்சுக் கொண்டுபோய் கடைசியில விட்டீங்க"ன்னா. எனக்கு ஞாபகம் இல்ல, எத்தனை காதைப் பிடிச்சிருப்பேன். "எங்கம்மா வீட்டுல சாமான் பத்தலைன்னா உங்க பேரைத்தான் சொல்லும், இந்திராணி அக்காகிட்டப் போ, கத்துவாங்க, ஆனா அளவு குறையாதுன்னு." இவரு கடலைத்தோலைக் காகிதத்துல மடிச்சுக்கிட்டே சிரிச்சாரு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு, நான் போனைப் பாக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

அம்பத்தெட்டு சதவீதம். முப்பது நிமிஷம் மீதம், அப்புறம் இருபத்தெட்டு, இந்தத் தடவை ஏறவே இல்ல, இறங்கிக்கிட்டே வருது. இவரு வண்டியை நிழலுக்கு மாத்தி நிறுத்திட்டு வர்றேன்னு எந்திரிச்சுப் போனாரு. ஹாஜிரா ஏணியில ஏறி மேல் தட்டுல எதோ அட்டைப்பெட்டியைத் தேடிக்கிட்டிருந்தா. அப்பத்தான் அந்த ஆள் உள்ள வந்தான், வெள்ளைச் சட்டை, கையில செத்துப்போன ஒரு போன், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். "அக்கா, ரெண்டு நிமிஷம் சார்ஜ் போட்டுக்கறேன், ஒரு முக்கியமான போன் வரணும்"னு யாரையும் பாக்காமப் பேசிக்கிட்டே மேசையோரம் வந்தான். சுவத்துல இருக்கிற பிளக் பாயிண்டைப் பாத்தான். அதுல எங்க சார்ஜர் இருக்கு. அவன் கை போகுது. எனக்கு எல்லாம் மெதுவாத் தெரியுது, அவன் கையில கட்டியிருக்கிற கறுப்புக் கயிறு, நகத்துல ஒட்டியிருக்கிற சுண்ணாம்பு, எல்லாம். டேய்ங்கிறேன். முப்பது வருஷம் கத்துன டேய், கடைக்கூரைப் புறாவெல்லாம் எந்திரிச்சுப் பறக்குற டேய். அடி வயித்துலேருந்து கிளம்பி நெஞ்சு வரைக்கும் அப்படியே வந்துச்சு, வந்து கழுத்து ஓட்டை வழியா வெறுங்காத்தாப் போயிருச்சு. துணி மேல தூக்கிக்கிட்டு விழுந்துச்சு. அவ்வளவுதான். நான் பாஞ்சு அவன் கையைப் பிடிக்கிறதுக்குள்ள சார்ஜர் அவன் கையில இருந்துச்சு. பழைய போன் ஒரு தடவை மின்னிட்டுக் கறுத்துப் போச்சு. நான் அவன் புறங்கையில ஓங்கி ஒரு அடி வெச்சேன். "ஏம்மா, என்னாம்மா அடிக்கிற? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"ன்னான்.

வாயைத் திறந்து. திறந்துதான்டா இருக்கு, பாரு. திறந்த வாயோட நின்னேன், அவன் என் கழுத்துத் துணியைப் பாத்தான், அது பூராவும் நனைஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டிருந்துச்சு, அவன் முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. ஹாஜிரா ஏணியிலேருந்து குதிச்சே வந்துட்டா. "அவங்களால சொல்ல முடிஞ்சிருந்தா நீங்க இந்நேரம் பஸ் ஸ்டாண்டுல போய் விழுந்திருப்பீங்க, கேக்காமக் கொள்ளாம எதுக்கு அண்ணே கை வெச்சீங்க?"ன்னு ஒரு கத்து. நல்லா கத்துனா, வரிசையில நின்ன பொண்ணுல்ல. அவன் மன்னிச்சுக்குங்கம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டான், போகவும் இல்ல, நிக்கவும் தெரியல. எனக்கு அவனெல்லாம் ஒரு பொருட்டாவே இல்ல. கறுத்துப்போன பழசையும் புதுசையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டே இருந்தேன். புதுசுல இணைப்பு துண்டிக்கப்பட்டதுன்னு ஒரு வரி. அறுபத்தொண்ணு. மீதி முப்பத்தொம்பது நடுவீதியில கொட்டிப் போச்சு. போனது ஒண்ணாம் நம்பரா, மூணாம் நம்பரா? வயித்துக்கு எதாவது சாப்பிட்டீங்களான்னு இனி யாரு கேப்பா அவரை? ஒரு தடவை கத்தியால அறுத்து எடுத்தாங்க, அப்பக் கூட மயக்கத்துல இருந்தேன், தெரியல. இது முழிச்சிருக்கும்போதே நடக்குது. அடிச்சுக்கிட்டு அழணும்போல இருக்கு, அழுதாலும் சத்தம் வராது, சத்தமில்லாம அழுறது எவ்வளவு கேவலமா இருக்கும்னு எனக்குத் தெரியும், கண்ணாடியில பாத்திருக்கேன். இவரு ஓடி வந்தாரு. வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு, கடலைத்தோல் ஒட்டுன கை.

"எம்மா, இங்க பாருங்க, என்னையப் பாருங்க"ங்கிறா ஹாஜிரா. "எதுவும் போகலம்மா. போகாது." நான் அறுபத்தொண்ணைக் காட்டுறேன், அதுக்கு மேல கையை விரிக்கிறேன், கொட்டிப் போச்சுங்கிற மாதிரி. அவளுக்கு முதல்ல புரியல, அப்புறம் புரிஞ்சிருச்சு. "அய்யோ அம்மா, நீங்க என்ன மூட்டை தூக்குற மாதிரி நெனைச்சுக்கிட்டிருக்கீங்களா? இங்கேருந்து எடுத்து அங்க வெக்கிறதில்லம்மா இது. ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி. ஜெராக்ஸ் எடுக்கும்போது கரண்டு போச்சுன்னா ஒரிஜினல் எங்கம்மா போகும்? கண்ணாடி மேலயே இருக்கும். கரண்டு வந்தா மறுபடி எடுத்துக்க வேண்டியதுதான். அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. பழசுலேருந்து ஒரு எழுத்துக் கூடக் குறையல." நான் அவ மூஞ்சியவே பாக்குறேன். குறையாதா? அங்க ஏறுனா இங்க இறங்காதா? இது என்ன கணக்கு, ஒரு மூட்டை எப்படி ரெண்டு மூட்டை ஆகும்? இப்படி ஒரு சரக்கு உலகத்துல இருக்குன்னு எவனாவது என்கிட்டச் சொன்னானா? மூணு மாசத்துக்கு முன்னாடியே சொல்ல வந்தாரு இவரு, நான்தான் வாயைத் திறக்க விடல. ஒரு மணி நேரமா உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே, அடி ஆத்தி, இந்த ஒரு வார்த்தையை உக்காந்த உடனே சொல்லியிருந்தா என்ன இவளுக்கு. ஆனா பழசு எந்திரிக்கணும். அது எந்திரிச்சாத்தான் ஒரிஜினல். ஹாஜிரா சார்ஜரைப் போட்டு, ஓரத்துப் பொத்தானை அமுக்கிப் பிடிச்சா. ஒண்ணும் இல்ல. விட்டுட்டு, "ரெண்டு நிமிஷம் சார்ஜ் உள்ள போகட்டும்மா"ன்னா. அந்த வெள்ளைச் சட்டையும் பஸ்ஸை விட்டுட்டு நிக்கிறான். நாலு பேரும் ஒரு கறுத்த சதுரத்தைக் குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கிறோம். பொத்தானை மறுபடி அமுக்கினா. ஒரு நடுக்கம் நடுங்குச்சு போனு, மேசைக் கண்ணாடியில டர்ர்ன்னு சத்தம் கேட்டுச்சு, வெளிச்சம் வந்துச்சு. நான் ஸ்டூல்ல அப்படியே பொத்துன்னு உக்காந்துட்டேன். அந்த ஆளு, "வந்துருச்சு, வந்துருச்சு"ன்னு என்னமோ அவன் வீட்டுல குழந்தை பொறந்த மாதிரி இவரு கையைப் பிடிச்சுக் குலுக்கினான்.

ரெண்டாந்தடவை முதல்லேருந்து ஓடுச்சு, நான் நிமிஷத்தையே பாக்கல. இவரு நீட்டுன கடலையை வாங்கித் தின்னேன். ஜெராக்ஸ்தானே, ஓடட்டும். நூறு ஆனதும் ஹாஜிரா ஒவ்வொண்ணாத் திறந்து காட்டுனா, போன் நம்பரெல்லாம் வந்திருக்கு, எழிலரசி கல்யாணப் போட்டோ வந்திருக்கு, வாட்ஸ்அப்புல தினமும் எனக்கு ரோஜாப்பூ அனுப்புற, எங்க ரேஷன் கடை சங்கத்துப் பழைய செக்ரட்டரி கூட வந்து சேந்துட்டாரு. நான் நம்பர் தட்டுற இடத்தைத் திறந்தேன். பதிவுகள் எதுவும் இல்லைன்னு இருக்கு. ஆனா பழசைத் திரும்பிப் பாத்தேன், அது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டிருக்கு, அதுக்குள்ள நானூத்திப் பன்னெண்டும் உக்காந்திருக்கு. நான் பதறல. பையிலேருந்து பேனாவை எடுத்து, "குரல் வரல"ன்னு எழுதிக் காட்டுனேன். எனக்கே ஆச்சரியம். "அது தனி ஃபோல்டர்ல இருக்கும்மா, தானா வராது, நாமதான் டிக் பண்ணி அனுப்பணும். இதுக்குத்தான் சரிபாக்காமப் பழசை அழிக்கவே கூடாதுங்கிறது"ன்னு சொல்லிக்கிட்டே அவ நாலு தட்டு தட்டினா. நானூத்திப் பன்னெண்டுல நானூத்திப் பன்னெண்டுன்னு ரெண்டு நிமிஷத்துல வந்து நின்னுச்சு. இன்டர்நெட்டுல ஒண்ணு, இவரு போன்ல ஒண்ணு, எல்லாத்துலயும் ஏத்தி வெச்சிரவான்னு கேட்டா. ஏத்து தாயி, எங்கெல்லாம் ஏத்த முடியுமோ அங்கெல்லாம் ஏத்து, எவன் வேணும்னாலும் போட்டுச் சிரிச்சுக்கட்டும், நான் இருப்பேன்ல. தலையைத் தலையை ஆட்டுனேன். புதுப் போனை எடுத்து ஒண்ணு தட்டி அமுக்கினேன். "ஏங்க." என் குரல். கரகரப்பு, அதட்டல், கடைசியில லேசா ஒரு இழுப்பு, எல்லாம் இருக்கு. வெளியில வண்டிச் சாவியைத் தேடிக்கிட்டிருந்த மனுஷன், முப்பத்தோரு வருஷப் பழக்கத்துல, "ம், என்னம்மா"ன்னு திரும்பிட்டாரு.

எனக்குக் கால்வாசி அழுகை, முக்கால்வாசி சிரிப்பு. வெள்ளைச் சட்டை அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனான். ஹாஜிரா பழைய போனை ஒரு துணியில வெச்சுக் கையில எடுத்துக்கிட்டா. உப்புன பேட்டரியை வீட்டுல வெச்சிருக்கக் கூடாதாம், தீப்பிடிச்சாலும் பிடிக்குமாம், அவளே கழட்டிப் பத்திரமா ஒப்படைச்சிருவாளாம், அதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறதை அழிச்சாகணும். "எல்லாத்தையும் பாத்துட்டீங்கள்லம்மா? அழிச்சிரவா?"ன்னு என்னைக் கேக்குறா. இவரைக் கேக்கல, என்னைக் கேக்குறா. பதில் சொல்லணும்னு புதுப் போனைத் திறந்து, நம்பரைத் தேடினேன். "வேணாம்" இருக்கு, முப்பதுலேருந்து முப்பத்தெட்டு வரைக்கும் ஒம்பது விதமான வேணாம் பதிஞ்சு வெச்சிருக்கேன். "முடியாது" இருக்கு. "எனக்குத் தெரியும், நீங்க சொல்ல வேணாம்" இருக்கு. மேலேருந்து கீழ, கீழேருந்து மேல தள்ளிப் பாத்தேன். நானூத்திப் பன்னெண்டுல ஒரு சரி கிடையாது. பத்து நாள் ராப்பகலா யோசிச்சு யோசிச்சுப் பதிஞ்சவளுக்கு அப்படி ஒரு வார்த்தை தேவைப்படும்னே தோணலையே! தலையை ஆட்டியிருக்கலாம். ஏன் ஆட்டலைன்னு தெரியல. ஜெஸிந்தா ஒண்ணு சொல்லிக் கொடுத்தா, காத்தை வாய் வழியா முழுங்கி, உள்ள நிக்க விடாம உடனே ஏப்பம் மாதிரி வெளியில தள்ளி, அதுலயே பேசுறது. ரெண்டு வகுப்போட நிறுத்திட்டேன். தவளை மாதிரி சத்தம், அது நான் இல்லன்னு எழுதிக் காட்டிட்டு வந்துட்டேன். ஆனா குளிக்கிற அறையில குழாயைத் திறந்து விட்டுட்டு, யாருக்கும் தெரியாம, அப்பப்ப முயற்சி பண்ணியிருக்கேன். பத்துக்கு ஒண்ணு வரும். இப்ப என்ன, என் குரல்தான் மூணு இடத்துல பத்திரமா இருக்கே, இது எப்படி வந்தா எனக்கென்ன. வாயைத் திறந்து காத்தை ஒரு முழுங்கு முழுங்கினேன், உதட்டை அந்த வார்த்தைக்குத் தோதா வெச்சுக்கிட்டுத் தள்ளினேன். "சரி." கட்டையா, கரடுமுரடா, பாதி ஏப்பமா வந்துச்சு, ஆனா வந்துச்சு, ஹாஜிரா கையில போனோட அப்படியே நின்னுட்டா. இவரு கடை வாசப்படியில ஒரு காலும் வெளியில ஒரு காலுமா நின்னுக்கிட்டு என்னையே பாத்தாரு. கண்ணு ரெண்டும் குளமா நிக்குது, வாய் மட்டும் கோணுது. "முப்பத்தோரு வருஷத்துல நீ சரின்னு சொல்லி இப்பத்தான்மா கேக்குறேன்"னாரு.